அஞ்சலைக்கு என்ன அர்த்தம்?

பாகூர் பக்கத்தில் கடந்த இருபது வருடங்களில் பிறந்த பெண் குழந்தைகள், பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக யாரையாவது கோபித்துக்கொள்ள வேண்டும் என்றால், அது அர்த்தத்தைத்தான். அர்த்தம் என்பது ஓர் ஆள். அவருடைய சொந்தப் பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் அதற்கு அர்த்தம் கேட்டுவிடுவார்கள் என்று பயந்தே அவர் சொல்லவில்லை என்பது என் சந்தேகம்.

எங்கள் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு மேஜை. அதன் நாலாவது கால் செங்கல். பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மேலே உரக் கம்பெனி கொடுத்த குடை. அங்கே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதுதான் அவர் தொழில். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம் எதிலும் தகராறு கிடையாது. செத்துப்போனவரின் பெயரைக்கூட ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிவிடுவார். பிறந்த பெண்ணின் பெயரை எழுத வேண்டும் என்றால் மட்டும் அவருடைய பேனா மூடி திறக்காது.

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்த உடனே பிறப்பைப் பதிந்துவிடுவார்கள். பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். ஜோசியர், மாமனார், இன்டர்நெட் என்று எல்லாரும் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு, பெயர் சேர்க்கச் சொல்லி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை நாமே எழுதிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் அர்த்தத்தின் முத்து முத்தான கையெழுத்து இல்லாத விண்ணப்பம் அந்த ஆபீஸ் ஜன்னலைத் தாண்டி உள்ளே போனதாகச் சரித்திரம் இல்லை என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது. நானும் நம்பினேன்.

"பேரு?" என்பார். சொல்வோம்.

"அர்த்தம்?" என்பார். அங்கேதான் எல்லாரும் விழுவோம்.

ஆண் பிள்ளை என்றால் கேட்க மாட்டார். "அவனுங்களுக்கு பேரே தேவையில்ல. எப்படியும் மச்சான், மாப்ளன்னுதான் கூப்டப் போறானுங்க" என்பார். பெண் என்றால் மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி என்று ஒருமுறை கேட்டேன். "கண்ணாலம் ஆனா வூடு மாறும், ஊரு மாறும், இனிஷியல் மாறும். பேரு ஒண்ணுதான் அதுங்களோட கடைசி வரைக்கும் போவுது. உள்ள இன்னா இருக்குதுன்னு பாக்காம மூட்டையத் தலையில ஏத்தலாமா?" என்றார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்த நல்ல பேச்சால் மணப்பட்டிலிருந்து வந்த ஒரு மீனவர் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தேன்.

"ரியான்ஷிகா சார்."

"அர்த்தம்?"

"மச்சான் போன்ல பாத்துச் சொன்னான் சார்."

"மச்சான் அர்த்தம் இன்னான்னு சொன்னான்?"

"அதக் கேக்கல சார்."

"கேட்டுக்கினு வா."

அங்கேயே நின்று போன் போட்டுக் கேட்டுவிடலாமே? கூடாது. போனில் வந்த அர்த்தம் செல்லாது, சொன்ன ஆள் நேரில் வர வேண்டும். பாவம், அந்த மனிதர் பஸ் பிடித்து ஊருக்குப் போய் மச்சானை இழுத்துக்கொண்டு மத்தியானம் திரும்பினார்.

"லட்சுமின்னு அர்த்தம் சார்" என்றான் மச்சான்.

"நேத்து ஒருத்தன் தன்விஷான்னு கொண்டாந்தான். அதுவும் லட்சுமி. முந்தாநேத்து காட்டேரிக்குப்பத்துல பொண்ணு எடுத்தவன் ஒருத்தன், வாய்லயே நுழையாத பேரு, அதுவும் லட்சுமி. அப்ப நேரா லட்சுமின்னே வச்சிட்டுப் போவறதுக்கு இன்னா?"

"அது பழைய பேரு சார்!" என்று மச்சானும் மீனவரும் ஒரே குரலில் பதறினார்கள்.

இந்த இடத்தில் நான் அர்த்தத்தின் கட்சி. நெட்டில் பெண் பெயர்களுக்கு மொத்தமே மூன்று அர்த்தங்கள்தான்: லட்சுமி, வெளிச்சம், வெற்றி. ஆயிரம் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் மாற்றி மாற்றி எதிரே ஒட்டிவிடுகிறார்கள். கஷ்டப்பட்டுப் பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கிற வேலையை மச்சானின் போனிடம் விட்டால் வேறு என்ன கிடைக்கும்?

ஆனால் அர்த்தம் வைத்திருந்த சரக்கும் ஒன்றும் சுத்தமில்லை. அவருடைய ஆதாரம் ஒரு தடித்த தமிழ் அகராதி. பழைய பேப்பர் கடையில் வாங்கியது. மேஜையின் இடது ஓரத்தில் சாமி படம் மாதிரி வைத்திருப்பார். அந்த அகராதி "த" எழுத்தில்தான் ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் இருந்த நானூறு பக்கங்களையும் ஊர் தின்றுவிட்டது.

இதைச் சொல்ல அவர் மனைவியை அறிமுகம் செய்ய வேண்டும். ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்திலேயே பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் அஞ்சலை அக்கா. ஒரு மழைக்காலத்தில் பஜ்ஜி மடிக்கப் பேப்பர் தீர்ந்துபோனதும், அக்காவின் கண்ணில் பட்டது அகராதி. அர்த்தம் ஒரு செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டு சந்தைக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், "ண" வரை காலி. ஒரே நாளில் என் அறிவுக் களஞ்சியத்தை அழித்துவிட்டாள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அக்கா சொல்வது வேறு. "ஒரு மாசமா கிழிச்சிக்கினு இருக்கேன். அந்தாளு அன்னிக்குத்தான் தொறந்து பாத்தாரு."

அதற்குப் பிறகு "த"வுக்கு முன்னால் ஆரம்பிக்கிற பெயர் எதுவாக இருந்தாலும் அவருக்கு எரிச்சல். "இது நம்ம ஊரு பேரே இல்ல, மங்கோலியா பக்கம்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். காவ்யா என்று கொண்டுவந்த அப்பா, யாழினி என்று எழுதி வாங்கிக்கொண்டு போவார். சஹானா என்று வந்தவரும் யாழினி. அகராதியில் அந்தப் பக்கம் நன்றாகப் படியும், தானாகவே திறந்துகொள்ளும். விளைவு, எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு வருடத் தொடக்கத்தில் வருகைப் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பெண்கள் பட்டியல் தாமரையில் ஆரம்பித்து வெண்ணிலாவில் முடிந்தது. நடுவில் ஐந்து யாழினிகள். "இந்த ஊர்ல அ, ஆவன்னாவே கிடையாதா சார்?" என்று என்னிடம் கேட்டார். பஜ்ஜியில் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

அவரை மடக்கிய ஒரே ஆள் வில்லியனூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க விவசாயி ஒருவர்தான். மாமியார் ஊரில் பிரசவம் ஆனதால் எங்கள் ஆபீசுக்கு வந்திருந்தார். பெயர் மேரி என்றார்.

"அர்த்தம்?"

"மாதா பேரு சார்."

"அது ஆளு. நான் கேட்டது அர்த்தம். ஆளு வேற, அர்த்தம் வேற. ஆளக் காட்டிட்டு அர்த்தம்னு சொல்லக் கூடாது."

"சார், எங்க கோயில்ல இத்தினி காலமா ஒருத்தரும் கேக்காத கேள்விய நீங்க கேக்குறீங்க" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் போனார். மறுநாள் கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரோடு திரும்பினார். உபதேசியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேரிக்கு மொத்தம் ஏழு அர்த்தங்களை விளக்கத் தொடங்கினார். மூன்றாவது அர்த்தத்திலேயே அர்த்தம் எழுதிக் கொடுத்துவிட்டார். உபதேசியார்தான் விடவில்லை, மீதி நாலையும் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார்.

இத்தனையும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவன் நான். என் முறை வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

என் மகளுக்கு மூன்றரை வயது ஆகியும் சர்டிபிகேட்டில் கோடுதான் இருந்தது. என் அக்கா ஒரு பெயர், என் மாமியார் ஒரு பெயர், நடுவில் என் மனைவி சுமதி ஒரு பெயர் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. குழந்தையை எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டோம். உன் பேர் என்ன என்று யாராவது கேட்டால், அது எங்கள் முகத்தைப் பார்க்கும். கடைசியில் எல்.கே.ஜி. சேர்க்கை வந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் கெடு, பெயரோடு சர்டிபிகேட் இல்லாவிட்டால் இடம் இல்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சுமதி, "ஆத்விகா. இதோட பேச்சு முடிஞ்சது" என்றாள். முடிந்தது. நான் அர்த்தத்திடம் போனேன்.

"ஆத்விகா. உலகத்துல ஒருத்திதான், அவள மாதிரி வேற யாரும் இல்லன்னு அர்த்தம்ணே" என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே ஒப்பித்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த மாசத்துல இது ஆறாவது ஒருத்தி. உலகத்துல ஒருத்தின்னு ஆறு பேருக்கு எழுதினா அது பொய் சர்டிபிகேட்டு. அர்த்தத்த மாத்திக்கினு வா, இல்ல பேர மாத்திக்கினு வா."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மறுநாள் காலையில் சுமதி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பின்னால் போனேன்.

"என் புள்ளைக்கு நான் பேரு வைக்கிறேன். நீங்க யாரு அர்த்தம் கேக்கறதுக்கு?"

"வைம்மா, யாரு வேணான்றது? எழுதறது நான் இல்ல? தெரியாதத நான் எழுத மாட்டேன்."

"இருபது வருஷமா தெரிஞ்சுதான் எழுதினீங்களா? மங்கோலியாவா?"

சத்தம் ஏறியது. பென்ஷனுக்கு வந்தவர்கள், பட்டாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் மிளகாய் பஜ்ஜி இரண்டு வாங்கித் தின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னாலிருந்து அஞ்சலை அக்காவின் குரல் வந்தது.

"யோவ், அர்த்தம் இல்லாத பேர எழுத மாட்டியா நீ? அப்ப எம்பேருக்கு இன்னாய்யா அர்த்தம்?"

"இருக்குது. பக்கம்தான் இல்ல. நீதான பஜ்ஜில மடிச்சிக் குடுத்த?"

"கிழிக்கறதுக்கு முன்னாடி பாத்து வச்சியா? கண்ணாலம் ஆன நாள்லேர்ந்து கேக்கறேன், அஞ்சலைன்னா இன்னா, அஞ்சலைன்னா இன்னான்னு. எங்க தெருவுல மட்டும் ஏழு அஞ்சலை. பள்ளிக்கூடத்துல வாத்தியாரு நம்பர் போட்டுத்தான் கூப்டுவாரு. நாலாம் நம்பர் நானு. ஊருல இருக்கற பொண்ணுக்கெல்லாம் அர்த்தம் சொல்றியே, வூட்ல இருக்கறவளுக்குச் சொன்னியா? அர்த்தம் தெரியாத பேர வச்சிக்கினுதான் உனுக்கு இத்தினி வருஷமா சோறு ஆக்கிப் போட்டுக்கினு இருக்கேன்."

கூட்டம் சிரித்தது. அர்த்தம் சிரிக்கவில்லை. குனிந்தார், பேனாவைத் திறந்தார், விண்ணப்பத்தை எழுத ஆரம்பித்தார். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சுமதி, அஞ்சலை அக்காவிடம் போய் நின்று, ஆண்களைப் பற்றிப் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். "கையெழுத்து" என்று அவர் காகிதத்தை என் பக்கம் தள்ளினார். ஒரு கையில் பஜ்ஜி, வாயில் காரம், கண்ணில் தண்ணீர். படிக்காமல் போட்டேன். ஜன்னலில் கொடுத்துவிட்டு வெற்றியோடு வீடு திரும்பினோம்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் சர்டிபிகேட் கைக்கு வந்தது. வீட்டுக் கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தேன்.

"குழந்தையின் பெயர்: அஞ்சலை."

அந்த நிமிடத்தில் சுமதி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க இந்தப் பத்திரிகையில் இடம் போதாது. முணுமுணுத்துக்கொண்டிருந்த அந்த மனிதர், தன் மண்டையில் ஓடிய பெயரைக் கட்டத்தில் எழுதிவிட்டார். நான் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒருமுறை ஏறிய பெயரை மாற்ற வேண்டும் என்றால் பிரமாணப் பத்திரம், கெஸட் என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். பள்ளியின் கெடு மறுநாள் மத்தியானம்.

எங்கள் இருவரையும் கவனிக்காத ஒரு ஆள் வீட்டில் இருந்தது. "எம்பேரா?" என்று கேட்டாள் மகள். மூன்றரை வருடமாகப் பெயர் இல்லாமல் இருந்த பிள்ளை. "எம்பேரு அஞ்சலை" என்று கண்ணாடியிடம் சொன்னாள். எதிர் வீட்டில் போய்ச் சொன்னாள். நாய்க்குட்டியிடம் சொன்னாள். மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டரிடம், டிரைவரிடம், கரும்புக்கட்டு வைத்திருந்த ஒரு தாத்தாவிடம், கேட்காதவர்களிடமும் சொன்னாள். சுமதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் போய் மேஜையில் காகிதத்தை வைத்தாள். "இன்னா எழுதியிருக்கீங்கன்னு படிங்க."

அர்த்தம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "அஞ்சல…"

"இன்னாய்யா?" என்றது பஜ்ஜிக் கடை.

"இன்னா?" என்றாள் என் மகள்.

விஷயம் புரிந்ததும் அக்கா கரண்டியோடு வந்துவிட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அய்யய்யோ, இந்தப் பேரையா? இந்தக் காலத்துப் புள்ளைக்கா? பெரிய ஸ்கூல்ல படிக்கப் போற புள்ளைய்யா, எல்லாரும் சிரிப்பாங்களேய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். சுமதியின் கையைப் பிடித்து, "மன்னிச்சுக்க கண்ணு, தெரியாம செஞ்சிட்டாரு. நல்ல பேரா மாத்திக்குங்க" என்றார்.

சுமதி சண்டை போடத்தான் வந்திருந்தாள். ஆனால் தன் பெயருக்கு இப்படி மன்னிப்புக் கேட்கிற ஒரு பெண்ணிடம் எப்படிச் சண்டை போடுவது?

"கெட்ட பேரெல்லாம் ஒண்ணும் இல்லக்கா" என்றாள். பேசியது என் மனைவிதானா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் மேஜைப் பக்கம் திரும்பினாள். "ஆனா ஊருக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா? எழுதினீங்க இல்ல, அர்த்தம் சொல்லுங்க. சொன்னீங்கன்னா இப்படியே ஸ்கூலுக்குப் போறோம். சொல்லலன்னா நீங்களே அலைஞ்சு மாத்திக் குடுங்க."

நியாயமான தீர்ப்பு. கூட்டத்துக்கு ஒரே சந்தோஷம். முன்பு திருப்பி அனுப்பப்பட்ட மணப்பட்டு மீனவரும் அன்றைக்கு வேறு வேலையாக வந்திருந்தார். "சொல்லுங்க சார், அர்த்தம்?" என்று முதல் குரல் கொடுத்தவர் அவர்தான்.

அர்த்தம் அகராதியை எடுத்தார். திறந்தார். "த" வந்தது. மூடினார்.

அவர் நினைத்திருந்தால் ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். இருபது வருடமாக மங்கோலியாவை வைத்துப் பிழைத்தவருக்கு ஒரு அர்த்தம் கட்டிவிடுவதா கஷ்டம்? வெளிச்சம் என்றாலும் நம்பியிருப்போம், லட்சுமி என்றாலும் நம்பியிருப்போம். வாயைக்கூடத் திறந்தார். அப்போது அக்காவைப் பார்த்தார். அக்கா இந்த முறை எதுவும் கேட்கவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்ட கேள்வி. இன்றைக்கு ஊரே கூடி நின்று கேட்கிறது. அந்த அம்மாள் பதிலுக்காக நிஜமாகவே காத்திருந்தார்.

அர்த்தம் பேனாவால் அக்காவைக் காட்டினார்.

"அதோ நிக்குதே. அதான் அர்த்தம். வேற ஒண்ணும் எனுக்குத் தெரியாது."

ஆள் வேறு, அர்த்தம் வேறு என்று மேரிக்காரரை விரட்டிய அதே வாய். யாரும் அதை ஞாபகப்படுத்தவில்லை.

"கேக்கறதுக்கு நாலு பேரு இருந்தா வாய்க்கு வந்தத சொல்ல வேண்டியது" என்று அக்கா முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுப்புக்கு ஓடினார். சட்டியில் இருந்த பஜ்ஜி கருகிப்போயிருந்தது. அதையும் அன்றைக்கு விற்றுவிட்டார்.

பதினொன்றரை மணிக்குப் பள்ளியில் சேர்த்தோம். மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. அவள் வகுப்பில் மூன்று ஆத்விகாக்கள் இருக்கிறார்கள், உலகத்தில் ஒருத்தி, இரண்டாவது ஒருத்தி, மூன்றாவது ஒருத்தி என்று. ஒரு காலத்தில் தெருவுக்கு ஏழு பேருக்கு இருந்த அஞ்சலை, அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருத்திக்குத்தான். பதிவேட்டிலும் அவள்தான் முதல் பெயர். போன மாதம் டீச்சர் எல்லாக் குழந்தைகளிடமும் பெயருக்கு அர்த்தம் கேட்டாராம். லட்சுமி, வெளிச்சம், வெற்றி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். என் மகள் எழுந்து, "பஜ்ஜிக் கடை ஆயா" என்றிருக்கிறாள். டீச்சர் எனக்குப் போன் செய்து விசாரித்தார். சரியான விடைதான் என்றேன்.

போன வாரம் மகளோடு அந்தப் பக்கம் போனேன். செங்கல் கால், உரக் கம்பெனிக் குடை எல்லாம் அப்படியே இருக்கின்றன. யாரோ ஒரு அப்பாவியைப் பிடித்து உட்கார வைத்து அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தார். கரையாம்புத்தூரிலிருந்து வந்தவராம், மூன்றாவது தடவையாம். திருந்தவே இல்லை. எங்களைக் கண்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அஞ்சல, வா" என்றார். கடையிலிருந்து அக்காவும் திரும்பிப் பார்த்தார். அந்த ஆளை நான் திட்டாத நாள் இல்லை, இனியும் திட்டத்தான் போகிறேன். ஆனால் என் மகளை அவ்வளவு ஆசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கே இன்னும் வரவில்லை.